ஒலிவாங்கி இல்லாத மன்றாட்டு

சூன் 11

வேலைக்குப் புறப்படுமுன் இன்பமேரி மேசைமேல் ஒரு சிலேட்டை வைத்தாள். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கறுப்புச் சிலேட்டு. “வேணுங்கிறத இதுல எழுதுங்கப்பா. தொண்டைய வருத்தாதீங்க” என்றாள்.

கம்பம் தொட்டு மூணாறு வரை ‘நற்செய்திக் கூட்டம்: நாவரசு பாண்டித்துரை பேசுகிறார்’ என்ற சுவரொட்டி காணாத ஊர் உண்டா? மேடைகளை ஆண்ட அந்த நாவுக்கு இன்று வாய்த்திருப்பது ஒரு சாண் சிலேட்டு!

மாலையில் எழுதினேன்: ‘அன்பு மகளே, இளஞ்சூடான நீர் ஒரு குவளை’. ‘கொணர்வாயாக’ என்று முடிக்க இடமில்லை.

“சுடுதண்ணின்னு எழுதுனாப் போதாதாப்பா?”

சூன் 14

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். கழுத்தில் கட்டி. மதுரையில் அறுத்தெடுத்தனர். குரலுக்குப் போகும் நரம்பை அது சுற்றிக் கிடந்ததாம். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. வாய் திறந்தால் கிழிந்த துருத்தியிலிருந்து வருவதுபோல் காற்று மட்டுமே வருகிறது. மருத்துவர், “சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்” என்றார். ‘லாம்’ என்னும் இரண்டெழுத்தின்மேல் குடியிருக்கிறேன்.

மனைவி மறைந்தபின் வண்டன்மேட்டில் மகளோடுதான் இருக்கை. மகள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறாள். மருமகன் ஜின்சன் கொச்சியில் சரக்குந்து ஓட்டுகிறார். பகல் முழுதும் வீட்டில் நானும் மழையும்.

சூன் 23, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. ஆயர் வீடு தேடி வந்தார். “கர்த்தர் கட்டுன வாயக் கர்த்தரே தெறப்பாரு ஐயா. அறுப்பின் பண்டிகைக்கு நீங்கதான் சாட்சி சொல்லணும்.”

தலையசைத்து அனுப்பினேன். ஏன் கட்ட வேண்டும்? இந்த வாய் யாருக்காகப் பேசியது? தனக்காகக் கூவிய சேவலின் கழுத்தைத் தானே திருகுவாரோ ஆண்டவர்?

சூலை 2

சன்னல். மூடுபனி. எதிரேயுள்ள ஏலத்தோட்டமும் தெரியவில்லை.

சூலை 9

கைப்பேசி ஒலித்தால் மகள் வெளியே ஓடுகிறாள். இன்று கொட்டும் மழையில் பலாமரத்தடியில் நின்று பேசினாள். நான் வாயிழந்தவன், செவியுமா இழந்தேன்?

‘ஜின்சன் எப்போது வருவார்?’ என்று எழுதிக் காட்டினேன். உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தாள். “வேலப்பா. வருவாரு.”

சூலை 20

விளக்கேற்றியதும் முழந்தாளிட்டு மன்றாடுவது எம் குடும்ப வழக்கம். நான் மன்றாடுவேன், மற்றவர் ‘ஆமென்’ என்பர். மனைவி இருந்த காலம் முதல் அவ்வாறே. இன்றும் இருவரும் முழந்தாளிட்டோம். சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது. மகள் விரைந்து எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆண்டவரே, முடியலயே. நெஞ்சுக்குள்ள இத்தன சொல்லு முட்டிக்கிட்டு நிக்குதே — வாசல அடைச்சுட்டு உள்ள தீய வச்சா என்ன செய்வேன்? என்னக் கொன்னுருக்கலாம்ல?

மேலே எழுதியது பிழை. அழிக்கப் போவதில்லை.

ஆகத்து 4

அண்டை வீட்டுச் சுருளியம்மாள் கொழுக்கட்டை கொண்டுவந்தார். கோயில், குளம், நோன்பு என்று இருப்பவர். என்னிடம் அதிகம் பேசியதில்லை. வைத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகன் ஈசுவரன் வீட்டில் கையை ஓங்குகிறானாம். அடித்தும் விட்டானாம். கன்றிய முழங்கையைக் காட்டினார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு. முன்னாடின்னா ஒங்ககிட்ட வாயத் தெறப்பேனாய்யா?”

‘ஏன்?’ என்று எழுதினேன்.

“ஏன்னு வேற கேக்கிறீகளா? ஒங்ககிட்டச் சொன்னா அன்னைக்கே மைக்குல போயிருமே! ஒங்க சபை பின்சி புருசன் பூச்சிமருந்தக் குடிச்ச கத, நாலு சுவத்துக்குள்ள கெடந்துச்சு. நீங்க கூட்டத்துல ‘ஆண்டவரே, எங்கள் சகோதரி பின்சியின் கணவரை’ன்னு ஆரம்பிச்சீக பாருங்க, டீக்கடை வரைக்கும் மைக்குக் கொழா கட்டியிருந்துச்சு. மறுநா அந்தாளு ஊர விட்டே பஸ்ஸேறிட்டான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். “கோவிச்சுக்கிறாதீக. நெசத்தத்தான சொல்றேன்.”

ஆகத்து 5

பின்சி என்னைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போவாள். நாணம் என்று எண்ணியிருந்தேன்.

அன்று அக்கூட்டத்தில் அனைவரும் அழுதனர். நன்றாக அமைந்த மன்றாட்டு என்று ஆயரே சொன்னார்.

ஆகத்து 18

சுருளியம்மாள் மறுபடி வந்தார். கடைத்தெருவிலிருந்து ஒரு முதியவர், மகள் வயதில் ஒருத்தி, பெயர் எழுதமாட்டேன். வருகிறார்கள், சொல்கிறார்கள், போகிறார்கள். எனக்குள்ளோ ஒவ்வொருவருக்கும் ஓர் அருமையான அறிவுரை அடுக்குத்தொடராய் எழுகிறது. தொண்டையில் வந்து செத்துப்போகிறது. சிலேட்டை எடுப்பதற்குள் அவர்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். இதுவா என் பணி? செவியாய்க் கிடப்பதா? என்னைக் கூண்டுக்குள் அடைத்துக் கூட்டத்தையும் அனுப்பி வைக்கிறார் ஆண்டவர்.

செப்டம்பர் 12

இன்பமேரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்:

“அப்பா, ஜின்சன் இனி வரமாட்டாரு.”

நான் எழுந்தேன்.

“கொச்சியில வேற குடும்பமாயிருச்சு. தைப்பொங்கலுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு. போன்ல அவரு அம்மாதான் பேசும், ‘அட்ஜஸ்ட் பண்ணு’ன்னு.”

சிலேட்டு மேசைமேல் இருந்தது. என்னென்ன வந்தன நாவின் நுனிக்கு! இடியேறு போன்ற சொற்கள். அவனை ஊர்நடுவே நிறுத்திக் கேட்கத் தக்க சொற்கள். கை சிலேட்டுக்குப் போனது. அவள் தோள் இறுகியதைக் கண்டேன்.

சிலேட்டை எடுக்கவில்லை. அருகில் அமர்ந்து அவரைக்காயை நார் உரித்தேன். கூடைக் காய் முடியும்வரை சொன்னாள். ஏலக்காய் மணக்கும் கையால் கண்ணைத் துடைத்தாள், எரிந்தது, மீண்டும் துடைத்தாள்.

கடைசியில், “யாருக்கும் தெரியாதுப்பா. கோயில்ல ஜெபிச்சிராதீங்க” என்றாள். பிறகு என் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். “ஜெபிக்கவும் முடியாதுல்ல!”

சிரித்தாள். நானும் சிரித்தேன், காற்றுத்தான் வந்தது.

செப்டம்பர் 13

குரல் இருந்திருந்தால் இதை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆலயத்துக்குப் போனேன். கடைசி இருக்கை.

பிள்ளையில்லாத ஒருத்தி கோயிலில் குரலின்றி, உதடு மட்டும் அசைய மன்றாடிய பகுதியை இன்று வாசித்தனர். குரு அவளைக் குடித்து வெறித்தவள் என்று எண்ணினார். இப்பகுதியை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! எப்போதும் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றே முழங்கினேன். குரு யார் என்று இன்றுதான் தெரிந்தது.

குரலற்ற இந்தச் சிறை சிறைதான். திறந்துவிடும் ஆண்டவரே என்றுதான் இன்றும் கேட்டேன். ஆனால் உள்ளே நான் தனியாக இல்லை என்று பட்டது. முன்பே அவர் உள்ளே இருந்து, என் ஓசை அடங்கக் காத்திருந்தாரோ?

நவம்பர் 3

காலையில் இருமினேன். இருமலின் வாலில் ஓர் ஒலி. “மேரி” என்றேன். அடுப்படியில் பாத்திரம் விழுந்தது.

“அப்பா! இன்னொருக்கச் சொல்லுங்க!”

நவம்பர் 18

மருத்துவர் மகிழ்ந்தார். முழங்க இயலாதாம், பேசலாம். ஒலிவாங்கி இருந்தால் கூட்டமும் பேசலாம் என்றார். செய்தி ஆயருக்கு என்னிலும் முன்னே போய்விட்டது. மகள் வழியெல்லாம் பேருந்துச் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், ஏலக்காய், சேவல் எல்லாம் பீடத்தருகே. பின்னர் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது பூசணி எடுக்கச் சுருளியம்மாளும் வந்திருந்தார்.

ஆயர் முழங்கினார்: “நாவரசு திரும்பிட்டாரு! இத்தன மாசமா அவரு வீட்டுல ஆண்டவர் என்னென்ன செஞ்சாருங்கிறத, சாட்சியாச் சொல்வாரு.”

ஒலிவாங்கி கைக்கு வந்தது. அதன் கனம் நினைவிருந்தது. ‘கணவனால் கைவிடப்பட்ட ஒரு மகள்’ என்று தொடங்கினால் எந்த இடத்தில் கைக்குட்டைகள் வெளிவரும் என்பதுகூட எனக்குத் தெரியும். உரை தானாகவே கட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவு அழகாய். பெண்கள் பக்கம் பார்த்தேன். இன்பமேரி தலைகுனிந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஆண்டவர் என்னோடு இருந்தார். அவருக்கு நன்றி.”

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அம்புட்டுத்தானா?” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சுருளியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

மாலை விளக்கேற்றி முழந்தாளிட்டோம்.

“இன்னைக்கு நீங்க சொல்லுங்கப்பா.”

“எதை?”

“என்னப் பத்தி. அவரு பேரச் சொல்லியே சொல்லுங்க. இங்கதான் மைக் இல்லயே.”

சொன்னேன். எதுகை வரவில்லை, மோனை வரவில்லை. நடுவில் இருமுறை குரல் அறுந்தது. அடுப்படியைக்கூட எட்டியிராது அது. அவள் ‘ஆமென்’ என்றாள். உடனே எழுந்து போகவில்லை.

திசம்பர் 2

கம்பத்தார் தொலைபேசியில் அழைத்தனர். மூன்று நாள் கூட்டமாம், எனக்குத் தனி ஒலிவாங்கியாம். வியாழன் மாலை மட்டும் இயலாது என்றேன். ஏன் என்று பலமுறை கேட்டனர். சொல்லவில்லை.

வியாழனன்று பின்சி சாலையைக் கடந்து என்னிடம் பேச வருகிறாள்.