தொபுக்கடீரி வண்டு அரித்த வகுப்பறைக் கூரை

அனுப்புநர்:
மாதிரிக் காப்பாளர்,
பூச்சியியல் பிரிவு, அருங்காட்சியகம்,
பின்கட்டு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பள்ளிக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்பு அறையின் கூரை உத்தரங்களை வண்டு அரித்திருத்தல் – வண்டின் பெயரைக் காரணம் காட்டி மனு இருமுறை திருப்பப்பட்டமை – உடனே நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மேற்படி பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய கைப்பையின் மேல் மாவு போல ஏதோ படிந்திருந்தது. சாக்பீஸ் தூள் என்று தட்டிவிடப் போனார். நான் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மரத்தூள்.

2. மறுநாள் பள்ளி விட்டபின் ஏணி வைத்து ஏறினேன். நான்கு உத்தரங்களிலும் கடுகளவு துளைகள். ஐந்தாண்டுக்கு முன் மாற்றிய உத்தரங்கள் அவை. வெளியே வார்னிஷ் பளபளக்கிறது. இரண்டாவது உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. அங்கிருந்து ஒரு வண்டு என் கையில் விழுந்து, காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. அது எந்த வண்டு என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பெயர் வைத்தவனே நான்தான்.

3. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், காட்டில் சாய்ந்து கிடந்த மரமொன்றில் இதைக் கண்டுபிடித்தேன். அதுவரை யாரும் பதிவு செய்யாத இனம். அப்போது தொலைக்காட்சியில் ‘தொபுக்கடீர் சித்தப்பா’ என்ற கோமாளி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தார். யாராவது விரலால் தொட்டால் போதும், விறைத்துப்போய் விழுவார். இந்த வண்டும் தொட்டால் விழும். பூச்சிகளுக்குப் பாடகர், பட நாயகன், சித்திரக்கதை வில்லன் என்று பெயர் வைப்பது எங்கள் துறையில் உள்ள பழக்கம்தான். நாள் முழுக்கச் செத்த பூச்சிகளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? நானும் லத்தீன் வால் ஒன்றை ஒட்டி ‘தொபுக்கடீரி’ என்று அச்சேற்றினேன். செய்தித்தாளில் என் படம்கூட வந்தது. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

4. தங்கள் அலுவலகப் படிவத்தில் ‘சேதம் விளைவிக்கும் உயிரினத்தின் அறிவியல் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ‘வண்டு’ என்று கிறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். என் தொழில்புத்தி விடவில்லை. முழுப் பெயரையும் எழுதினேன். எழுத்தர் அதை உரக்கப் படித்தார். “சார், இங்க வந்து பாருங்க, சித்தப்பா கூரை மேல ஏறிட்டாராம்” என்று அடுத்த மேசைக்கு நீட்டினார். அறையே சிரித்தது. மரியாதைக்காக நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் தெரிவிக்கிறேன். ‘விளையாட்டு மனு’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

5. இரண்டாம் மனுவில் வெறுமனே ‘மர வண்டு’ என்றேன். பூச்சியை அடையாளம் காட்டும் சான்றிதழை அருங்காட்சியகத்தில் பெற்று வரும்படி பதில் வந்தது. அந்தச் சான்றிதழைக் கொடுப்பவன் நான். அறிவியல் பெயர் இல்லாமல் கொடுத்தால் அது செல்லாது. பெயரோடு கொடுத்தேன், மறுபடியும் திரும்பியது. “பேரத்தான் மாத்திடுங்களேன்” என்று எழுத்தர் யோசனை சொன்னார். அச்சேறிய பெயரை, வைத்தவனே அழுது கேட்டாலும் மாற்ற எங்கள் விதிகளில் இடமில்லை.

6. ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலுவல் மொழியில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முன்பு இந்த வண்டின் புழுக்களை ஒரு மரக்கட்டையோடு கண்ணாடி ஜாடியில் போட்டு என் மேசைமேல் வைத்திருந்தேன். பதினொரு மாதம் கட்டை அப்படியே நின்றது. ஒருநாள் ஜாடியைத் துடைப்பதற்காகக் கட்டையை வெளியே எடுத்தேன். என் கையில் தவிடுதான் மிஞ்சியது. முந்தின நாள் வரை அதில் ஒரு கீறல்கூடத் தெரிந்ததில்லை. இப்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடுகள் நனைந்து கனக்கின்றன. பகலில் போன் அடித்தால் பள்ளியிலிருந்துதானோ என்று முதலில் எண்ணைப் பார்க்கிறேன். தலைமையாசிரியரோ, “மேலேருந்து உத்தரவு வராம அறைய மாத்த முடியாதுங்க” என்கிறார்.

7. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் நாற்பத்தொரு குழந்தைகள். அவர்களில் ஒருத்தி எங்கள் மகள். அவளுக்குக் காய்ச்சல் என்று தலைமையாசிரியரிடம் பொய் சொல்லி ஒன்பது நாளாக வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நேற்று மனைவி சொன்னார்: “மத்த நாப்பது பேரையும் நாந்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வைக்கிறேன். நடுவுல நம்ம பொண்ணு இடம் மட்டும் காலியா இருக்கு. அதப் பாத்துக்கிட்டே எப்படிங்க பாடம் நடத்துறது?”

8. ஆகவே இன்று மாலை அந்த அறைக் கதவில் என் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டேன். இது குற்றம் என்பதும், வேலைக்கு உலை வைத்துக்கொள்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. மாற்றுச் சாவி கிடையாது. இருக்கும் ஒன்றை இம்மனுவுடன் இணைத்து, இன்றே தங்கள் வீட்டில் சேர்ப்பிக்கிறேன்.

நாளைக் காலை வகுப்பு தொடங்குமுன் தாங்கள் நேரில் வந்து, தங்கள் கையாலேயே கதவைத் திறந்து, வேறு யாரையும் விடாமல் தாங்கள் மட்டும் உள்ளே சென்று, இரண்டாவது உத்தரத்துக்கு நேர் கீழே நின்று மேலே பார்க்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் குழந்தைகளை அங்கே உட்காரவைக்கலாம் என்று தங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். என் மகளை நானே கைபிடித்துக் கூட்டிவந்து அவள் இடத்தில் உட்காரவைக்கிறேன்.

இப்படிக்கு, பயத்துடனும் பணிவுடனும்,
(ஒப்பம்)
மாதிரிக் காப்பாளர், பூச்சியியல் பிரிவு

இடம்: பள்ளி வாசல்
நாள்: ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி

இணைப்பு: சாவி ஒன்று.