இருபதாவது சுற்று

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அக்கா. எனக்குச் சாதகமாக ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

இன்று பள்ளிக் கணினி அறையில் ஒரு சமன்பாட்டுக்கு விடை காணும் பயிற்சி. கணினி ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்க்கும். எவ்வளவு பிசகுகிறது என்று கண்டு அடுத்த எண்ணுக்குப் போகும். இருபது சுற்று முடிந்ததும் விடை வந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தேன். விடை வந்திருந்தால் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இல்லை. உன் ஞாபகம் வந்தது.

அன்று அவனியாபுரம் வீட்டில், உன் கம்பெனியின் புயல் மென்பொருளில் நீ வேலை செய்துகொண்டிருந்தாய். மையத்திலிருந்து விலக விலகக் காற்று எப்படித் தணிகிறது என்று சொல்ல ஓர் எண் வேண்டும். அதை நேராகக் கணக்கிட முடியாது. ஊகித்து ஊகித்துத்தான் நெருங்க வேண்டும். திரையில் வந்த எண்களை நான் வாசித்தேன், நீ நோட்டில் எழுதினாய்.

"மழையே எட்டிப் பாக்காத ஊர்ல உக்காந்து புயலுக்குக் கணக்குப் போடுறா" என்றாள் அம்மா.

"வர்ற ஊருக்குத்தாம்மா போடுறேன்."

ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி ஒன்பது, மறுபடி ஒன்று புள்ளி இரண்டு. எண் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருந்தது. இருபதாவது சுற்றில் ஒன்று புள்ளி ஒன்பதில் நின்றது. வரைபடத்தில் ஆபத்துப் பகுதியைக் காட்டும் சிவப்பு வட்டம் சின்னதாக விழுந்தது. ஒரு மீன்பிடித் துறைமுகம் அதற்கு வெளியே இருந்தது. நீ படத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாய்.

"அக்கா, இது தானா நின்னுச்சா, நீ நிறுத்துனியா?"

"நான்தான் இருபதுல நிறுத்தச் சொல்லி வச்சேன். ஏன்டி வாலு?" சிரித்தபடி சொன்ன நீ, நோட்டைப் பார்த்ததும் கம்பெனிக்குப் போன் போட்டாய்.

"அண்ணே, அந்தப் படத்தைத் தூக்கிருங்க. தப்பு என்னோடது."

"அனுப்பி பத்து நிமிசங்கூட ஆகலையேம்மா!"

"அதுக்குத்தாண்ணே இம்புட்டு அவசரம்."

பிறகு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனாய். இம்முறை எண் தானாக நின்றது. வட்டம் விரிந்தது, துறைமுகம் உள்ளே வந்தது. இருபது சுற்றில் நிற்காவிட்டால் 'விடை கிடைக்கவில்லை' என்று காட்டும்படி நிரலையும் மாற்றினாய்.

அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டாய். "அம்புட்டுதான் அவளுக்கு" என்றார்கள். உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கு ஏழாவது சுற்றோடு நிற்கிறது.

இன்று என் தாளில் 'விடை கிடைக்கவில்லை' என்று எழுதினேன். இரண்டு மதிப்பெண் போயிற்று. அழிக்கவில்லை.

"பாப்பா, ரூமைப் பூட்டணும், எந்திரி" என்கிறார் கணினி அறை அண்ணன். இந்த மடல் இன்னும் முடியவில்லை, அக்கா. விளக்கை அணைத்துவிட்டார்.