படையலில் வைக்காத பட்டைக் கசாயம்

என் அன்பு அப்பா,

நேற்று நீங்கள் போன எட்டாம் நாள் படையல். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சட்டி பானையும் கழுவியாயிற்று. இன்றைக்கும் விடிய எழும்பி, உங்கள் மருந்தை அடுப்பில் வைக்கக் குசினிக்குப் போய்விட்டேன். அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது.

படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். கணவாய்க் கறி, முருங்கைக்காய், பாலப்பம். சித்தப்பா அரைப் போத்தில் விஸ்கி கொண்டுவந்து வைத்தார்.

"பிள்ளை, அந்தச் சீனப் பட்டைக் கசாயம் எங்கை? அண்ணை கடைசியா ஆசைப்பட்டுக் குடிச்சது அதைத்தானே" என்று சித்தப்பா கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தேன். அஜின்கோர்ட் சீனக் கடையில் வாங்கிய தூசோங் என்ற மரப்பட்டை அரைப் பை மிச்சம் இருந்தது. முதுகின் அடியில் வரும் நாரி நோவுக்கு நல்லதென்று பக்கத்து வீட்டுச் சீன அன்ரி உங்களுக்குக் காட்டித் தந்தது. முறித்தால் உள்ளே வெள்ளை நூல் நூலாக இழுபடும். "பார், முறிஞ்சாலும் விடுகுதில்லை, கொம்மாவைப் போல" என்பீர்கள். அம்மா காதில் விழாதது போல இருப்பார்.

நேற்று அம்மா பேசினார். "மருந்து வைக்கக்கூடாது. வைச்சா அங்கையும் அவருக்கு நாரி நோகுதெண்டெல்லோ அர்த்தம்."

"அப்ப விஸ்கியையும் எடுக்கிறதோ, அண்ணி?"

"அது மருந்தில்லை. இருக்கட்டும்."

நோவு உண்மையிலேயே குறைந்ததா, அப்பா? பட்டையால் குறைந்ததா, டொக்டரின் குளிசையாலா? அல்லது நான் அவித்துத் தருகிறேனே என்பதற்காகக் குடித்தீர்களா? ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் "பரவாயில்லை" என்றீர்கள்.

பையைத் திரும்ப வைக்கக் குனிந்தவள் நாரி பிடித்து நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டார்.

"எப்ப தொடக்கம்?"

"அப்பாவைக் கட்டிலாலை தூக்கத் தொடங்கின நாளிலையிருந்து."

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் தம்பி உங்களை நேர்சிங் ஹோமில் விட்டிருப்பான். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? நான் தூக்கும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்து, உங்கள் பாரத்தை நீங்களே தாங்கப் பார்த்தீர்களே, அது அதனால்தானா?

அம்மா பையை வாங்கி மேசையில் வைத்தார். "அவரும் வாய் திறக்கேல்லை, நீயும் திறக்கேல்லை. உனக்கு உந்தப் பட்டை மட்டும் காணாது, பிள்ளை. டொக்டரிட்டைப் போ."

களைப்பாக இருக்கிறது, அப்பா. நித்திரை கொண்டாலும் தீராத களைப்பு. இனி உங்களைத் தூக்கத் தேவையில்லை என்ற ஆறுதலும் அதற்குள்தான் இருக்கிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை டொக்டரிடம் போகிறேன். எங்கே நோகிறது என்று கேட்பார். நோகிற இடத்தைக் காட்டுவேன். எதையும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

உங்கள் பாரத்துக்கு இன்னும் தோள் பழகியிருக்கும்
உங்கள் மூத்த மகள்