தமிழ் எழுத்தில் எழுதிய இங்கிலீஷ்

ஆகஸ்ட் 15, 1996, இரவு

நேற்று பனியன் கம்பெனியில் நான் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டை சூப்பர்வைசர் அக்கா பார்த்துவிட்டார். நாளை எங்கள் பனியன்களை வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். செக்கிங் பெண்கள் ஆளுக்கு ஒரு வரி அவரிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் சாம்பிள் செக்ஷனுக்கு மாற்றுவார்களாம். நான் ஏழாவதோடு நின்றவள். அதனால், "குட்மார்னிங் சார், திஸ் பீஸ் இஸ் செக்டு" என்று தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

"ஏனம்மணி, இது இங்கிலீஷா, மளிகைச் சீட்டா?" என்று அக்கா சத்தமாகக் கேட்டார். டேபிளே சிரித்தது. பையர் வருகிற அன்று லீவு போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை டிவியில் புதுப் பிரதமர் கோட்டையில் கொடியேற்றிவிட்டு இந்தியில் பேசினார். அப்பா சொன்னார்: "அவருக்கு இந்தி வராது கண்ணு. கன்னட எழுத்துல எழுதி வெச்சுப் படிக்கறாராமா."

"யாரும் சிரிக்க மாட்டாங்களாப்பா?"

"சிரிக்கறவன் சிரிப்பான். நம்மளாட்டத் தோட்டங்காட்டுல இருந்து வந்தவரு, அங்க நின்னு பேசறாரல்ல? காவேரியில தண்ணியும் உட்டாருன்னா இன்னும் நல்லாருக்கும்."

பிரதமர் பேசியதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் கடைசி வரை பார்த்தேன். நாட்டையே அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு சாம்பிள் செக்ஷனில் ஒரு டேபிள் கொடுக்க மாட்டார்களா?

நேற்று வீட்டுக்கு வந்ததும் கசக்கிப் போட்ட சீட்டைத் தேடி எடுத்து, புதுத் தாளில் பெரிதாக எழுதினேன். தமிழில்தான். நாளை அதைக் கையில் வைத்துக்கொண்டே படிப்பேன். 'செக்டு' மட்டும் இன்னும் வாயில் நிற்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நாலு தரம் சொல்லிப் பார்க்க வேண்டும்.