புதன்கிழமை எரிந்த கேஸ்

நெல்சன், லங்காஷயர்
அக்டோபர், வியாழன் காலை

அன்புத் தங்கை கிளெண்டாவுக்கு,

உன் அக்கா பெரில் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அந்த வரிக்குப் பேனா ஒத்துழைக்கவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகந்தானே? இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறாயா, இல்லை வழக்கம்போல டாக்டரைத் திட்டுவதோடு சரியா? நியூசிலாந்தில் இப்போது வசந்தம் வந்திருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை.

கேஸ் பில் வந்தது. பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஒரு கோப்பை தேநீருக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்தான் சுட வைப்பேன். குளிருகிறது என்று ரோலண்ட் வாய் திறந்தால் இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து நீட்டியே அந்த மனிதரோடு காலத்தை ஓட்டினேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே ஓர் அறையில்தான் ஹீட்டர். அப்படியிருக்க இவ்வளவு கேஸ் எங்கே போகும்? கம்பெனிக்காரன் என் தலையில் மிளகாய் அரைக்கிறான், வேறு கம்பெனிக்கு மாறிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

நம் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஹெதர் என்றொரு பெண் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி மலிவு என்று கணினியில் ஒப்பிட்டுச் சொல்கிறாள். காசு வாங்குவதில்லை. ஒருவன் யூனிட் விலையைக் குறைத்துவிட்டு, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் தினமும் விழுகிற நிலைக்கட்டணத்தில் பிடுங்குகிறான். இன்னொருவன் அதற்கு நேர்மாறு. மின்சாரத்தையும் கேஸையும் சேர்த்து எடுத்தால் சலுகை என்கிறான் மூன்றாமவன். கூட்டிப் பார்த்தால் சலுகையும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தனை பேரின் தில்லுமுல்லையும் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒப்பிட வேண்டுமென்றால் போன வருஷம் நான் எவ்வளவு எரித்தேன் என்று தெரிய வேண்டுமாம். என் கணக்கைத் திறந்தாள். மின்சாரம் கொஞ்சம்தான். கேஸைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "நீங்க தனியாத்தானே இருக்கீங்க? ஒரு குடும்பமே சமைச்சுச் சாப்பிடுற மாதிரில்ல இருக்கு," என்றாள். பேய் வந்து சமைக்கிறதோ என்னவோ என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தோம். பிறகு எந்த நேரத்தில் எரிகிறது என்று காட்டும் படத்தைத் திறந்தாள். காலையில் ஒன்றுமே இல்லை. மத்தியானம் ஏறுகிறது, சாயங்காலம் வரை எரிகிறது. புதன்கிழமைகளிலும் அப்படியே.

புதன் மத்தியானம் நான் வீட்டில் இருப்பதே இல்லை, கிளெண்டா. மார்க்கெட் ஹாலில் சீஸ் வாங்கி, அங்கேயே ஒரு தேநீர் குடித்துவிட்டு பஸ் பிடித்துத் திரும்புவேன். பூட்டிய வீட்டில் என் அடுப்பு எரிந்திருக்கிறது. ஹெதர் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "முதல்ல இது என்னன்னு பாருங்க. தப்பான கணக்கை வெச்சுக்கிட்டு எந்தக் கம்பெனியை ஒப்பிட்டாலும் தப்பாத்தான் வரும்," என்றாள்.

பக்கத்து வீட்டு ஷமீம் மேல்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அவள் வீட்டில் எப்போதும் சமையல். அவள் குழாய் என் மீட்டரில் சேர்ந்திருக்கும் என்று நினைத்து, கேஸ் கம்பெனியிடம் ஆள் அனுப்பச் சொன்னேன். திங்கள் காலை ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மீட்டர் அசையவில்லை. "கசிவும் இல்ல, திருட்டும் இல்லம்மா. எரியறது உங்க அடுப்புதான்," என்றார். போகும்போது சமையலறைப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "ஆட்டுக்கறி ஹாட்பாட் வாசனை தூக்குதே! இன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்கு யோகம்தான்."

நான் அன்று ரொட்டியும் வெண்ணெயும் தவிர எதையும் தொடவில்லை. அவரை அனுப்பிவிட்டு ஓவனைத் திறந்தேன். பெரிய சட்டியில் ஹாட்பாட், பாதி காலியாகியிருந்தது. மேலே அடுக்கிய உருளைக்கிழங்கு ஓரமெல்லாம் கருகலாக, ரோலண்டுக்குப் பிடித்த பதத்தில் இருந்தது. அவர் போனதிலிருந்து நான் அதைச் செய்ததே இல்லை. தொட்டியில் இரண்டு தட்டுகள். ஒன்றில் சாப்பிட்ட கறை, இன்னொன்றில் பரிமாறிய உணவு கை படாமல் காய்ந்து கிடந்தது. பட்டப்பகலில் எனக்குப் பயம் வந்தது. ரோலண்ட் என்று ஒரு முறை கூப்பிட்டும் பார்த்தேன். சிரிக்காதே. அவர் வந்திருக்கிறார் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். பயத்தோடு பயமாக எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

நேற்று புதன். காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். சீஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்து, "என்ன பெரில், கோடையில பார்த்தது, அப்புறம் ஆளையே காணோம்? நம்ம சீஸ் கசந்துபோச்சா?" என்றார். வாராவாரம் வருகிறவளைத் தெரியவில்லையா, போய்க் கண்ணைச் சோதித்துக்கொள்ளும் என்று நானும் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. போன வாரம் வாங்கிய சீஸ் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். போன வாரச் சீஸும் இல்லை, அதற்கு முந்தின வாரத்தது எனக்கு நினைவிலும் இல்லை.

நேராக ஷமீமிடம் போனேன். அவசரத்துக்கு என்று என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் உண்டு. என் அடுப்பில் உனக்கென்ன வேலை என்று வாசலிலேயே கத்தினேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நான் மழுப்பிவிடுவேன்.

"சமைக்கிறது நீங்கதான் ஆன்ட்டி. மத்தியானமானா ஏப்ரனைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. ரோலண்ட் பஸ் டிப்போல ஷிப்ட் முடிஞ்சு பசியோட வருவார்ங்கிறீங்க. அவர் இல்லன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். நீங்க அழுத அழுகையைப் பார்த்து, இனிமே அதைச் சொல்றதில்லன்னு விட்டுட்டேன். சாயங்காலம் நான் வந்து அடுப்பை அணைச்சு, பாத்திரத்தையும் கழுவி வெச்சிட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பிராட்ஃபோர்டுல கல்யாணம், வர முடியல. ஆனா போன வாரம் வந்தப்ப கேஸ் திறந்திருக்கு, தீ இல்ல. வீடெல்லாம் நாத்தம். நீங்க பாட்டுக்கு உக்காந்து டிவி பாக்குறீங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைங்க இருக்கு ஆன்ட்டி. உங்க தங்கச்சி நம்பர் குடுங்கன்னு அன்னிக்கே கேட்டேன். எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னுட்டீங்க."

அடுப்பு, ஹாட்பாட், கேஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையில்தான் உடைந்துபோனேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான்.

உனக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நீ ஞாயிறுதோறும் கூப்பிடுவது உனக்கு இரவு, எனக்குக் காலை. காலையில் நான் நானாகத்தான் இருக்கிறேன். அதனால்தான் இதைக் காலையில் எழுதுகிறேன். இன்று ஷமீமின் கணவர் வந்து, நான் கேட்டுக்கொண்டபடி அடுப்புக்குப் போகும் கேஸை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் திங்கட்கிழமை அவள் கூட்டிப்போகிறாள். தானே உனக்குப் போன் செய்வதாகச் சொன்னாள். இதை அக்காதான் சொல்ல வேண்டும் என்று தடுத்துவிட்டேன்.

ஹெதரும் போன் செய்தாள். நல்ல கம்பெனி ஒன்று கிடைத்திருக்கிறதாம், இரண்டு வருஷத்துக்கு விலை ஏறாதாம், பெயர் கொடுத்தால் போதுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருஷத்துக்கு யாருடைய பெயரைக் கொடுப்பது?

நீ வர வேண்டும், கிளெண்டா. விமானம் என்றால் உனக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். இருந்தாலும் வா. நான் உன்னை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நாட்களிலேயே வந்துவிடு. என் மத்தியானத்தில் மட்டும் போன் செய்யாதே. எடுப்பவள் உன்னை யாரென்று கேட்பாள்.

இந்தக் கடிதத்தை ஒட்டியதும் ஷமீமிடம் கொடுத்துவிடுவேன். மேஜையில் வைத்தால் அந்த மத்தியானத்துக்காரி கிழித்துப் போட்டுவிடுவாள். அவளுக்கும் எழுதத் தெரியும், எழுத்தும் என்னுடையதுதான். இதற்குப் பிறகு உனக்கு இன்னொரு கடிதம் வரலாம். நானும் ரோலண்டும் நலம், வீணாகச் செலவு செய்துகொண்டு வராதே என்று அதில் இருக்கும். அதை நம்பாதே. வந்துவிடு.

காலை நேரத்து உன் அக்கா,
பெரில்