சொல்லாமல் வந்த சோதனை

ஜூன் 6

அன்புள்ள சித்தி,

போன வாரம் உங்கள் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி எங்கள் விடுதிச் சமையலறையைச் சோதிக்க வந்தார். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆகவே தரையில் முகம் தெரிந்தது, தட்டில் கோழி தெரிந்தது. சோதனை நாளில் எங்களுக்கு விருந்து. மற்ற நாளெல்லாம் எங்களுக்குத்தான் சோதனை. மனுஷன் மொட்டைமாடிக்கு ஏறவே இல்லை. எல்லாவற்றையும் மூடி மறைப்பவர்கள் தண்ணீர்த் தொட்டியை மட்டும் மூடுவதில்லை. அதில் புறாக்கள் குளிக்கின்றன.

பக்கத்துக் கட்டில்காரி மறுபடியும் வயிற்றுப்போக்கில் கிடக்கிறாள். இன்னொரு தடவை படுத்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்கிறாராம் அவள் அப்பா. அதனால் வார்டன் அறைத் தொலைபேசியில், வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, “நாளைக்கு மறுபடி வர்றோம்” என்று சமையலறைக்குச் சொன்னேன். மறுநாளும் கோழி வந்தது. தொட்டிக்கு மூடி வரவில்லை. வேறு வழி சொல்லுங்கள்.

உங்கள் வாலு

ஜூன் 14

அடியே வாலு,

அதிகாரி மாதிரிப் பேசுவது குற்றம். இன்னொரு முறை செய்தால் காதைத் திருகவே வருவேன். நான் சிரித்தது வேறு விஷயம்.

உன் பெயரைச் சொல்லாமல் அலுவலகக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். சொல்லிவிட்டுப் போனால் துடைத்ததைத்தான் பார்க்கிறோம் என்று நாங்கள் சிலர் கத்திக்கொண்டிருந்தது அன்றுதான் மேலதிகாரிக்கு உறைத்தது. இனி முன்னறிவிப்பு கிடையாது. முதலில் தண்ணீரைப் பார்க்கவேண்டும், சோதனையில் கண்டதை எல்லாரும் படிக்கும்படி வாசலில் ஒட்டவேண்டும். உன் விடுதிக்கு நான் வரமாட்டேன். நீ என் பிள்ளை, என் சொல் எடுபடாது. வேறொருவர் வருவார். அதுவரை இருவரும் கொதித்த தண்ணீரையே குடியுங்கள்.

சித்தி

ஜூலை 2

என் தங்கச் சித்தி,

உங்கள் துறையிலிருந்து ஓர் அம்மா மழையில் நனைந்தபடி வந்தார். வார்டன் நீட்டிய காபியைத் தொடாமல் நேரே மாடிக்கு ஏறினார். பிறகு எங்கள் மேசையில் உட்கார்ந்து, யாருக்கெல்லாம் வயிறு சரியில்லை என்று கேட்டார். கைகள் வரிசையாக உயர்ந்தன.

“சும்மா விளையாடுதுங்க மேடம்” என்றார் வார்டன்.

“விளையாடட்டும். நீங்க தொட்டியைக் கழுவுங்க.”

அங்கே நீங்கள் நின்றிருந்தால், சித்தியும் மகளும் சேர்ந்த சேட்டை என்று வார்டன் கதையை முடித்திருப்பார். வராமல் இருந்ததற்கு நன்றி சித்தி.

அந்த அம்மா மறுபடியும் சொல்லாமல் வந்து, புது மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நேற்று பக்கத்துக் கட்டில்காரியைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். வாசலில் ஒட்டியிருந்ததை விரல் வைத்துப் படித்தார். மாடிக்கும் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, அவள் கட்டிவைத்திருந்த பெட்டியைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிட்டு, “படி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மத்தியானத் தூக்கத்தில் அவள் விடும் குறட்டையில் எனக்கு எழுதவே ஓடவில்லை. இதற்கும் உங்களுக்குத்தான் நன்றி.

வாலு