தொலைபேசியில் உதவ ஒருவர்

பிப்ரவரி 4

அகராதி அவர்களுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

உறையைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்று பயந்துவிட வேண்டாம். போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

டிவியில் வெள்ளிக்கிழமை ஒரு வினாடி வினா வருமே, நாம் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டு பார்ப்போமே, அதில் கலந்துகொள்ள என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் எல்லாரும் சீண்டினார்கள், ஒரு வீம்புக்கு விண்ணப்பித்தேன். குடிநீர் ஆபீஸில் புகார் போனை எடுக்கிறவளிடம் ஊரே கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணி எப்ப வரும்?" வேறு கேள்வியும் யாராவது கேட்கட்டுமே என்று தோன்றியது.

பதில் தெரியாமல் முழிக்கும்போது ஒருவரைப் போனில் கூப்பிட்டு அரை நிமிடம் கேட்கலாம். யார் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆபீஸில் ஆளாளுக்கு "என்னைச் சொல்லுங்க" என்றார்கள். நான் உங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். "என்ன உறவு?" என்று கேட்டார்கள். "வீட்டுக்காரர்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகிறது.

சம்மதம் என்றால் ஒரு வரி எழுதவும். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
நான்தான்

பிப்ரவரி 9

அன்புள்ள முசுடுக்கு,

என்னை ஒரு வரியில் எழுதச் சொல்வது அநியாயம் இல்லையா? சம்மதம். மூன்று தடவை சம்மதம்.

கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, லாட்டரி அடிச்சிருக்கா?" என்றார். "அதுக்கும் மேலங்க" என்று சொல்லிவிட்டு, வலது கண்ணுக்குப் போட வேண்டிய லென்ஸை இடது கண்ணில் மாட்டிவிட்டேன். பாவம், சுவரில் எழுத்தே இல்லை என்று சாதித்தார்.

நீ இந்த வீட்டை விட்டுப் போனபிறகு உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. வீட்டில் எதுவும் மாறவில்லை. நாற்காலிக்குத்தான் சண்டை போட ஆளில்லை.

நீ எதற்கும் கவலைப்படாதே. விண்வெளி பற்றி ஒரு கேள்வி நிச்சயம் வரும். நிலாவில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற ஒரே கட்டடம் சீனப் பெருஞ்சுவர், இதைக் குறித்து வைத்துக்கொள். நூற்றுக்கு நூறு நிச்சயம். மற்றதெல்லாம் போன் வரும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன்
அகராதி

பிப்ரவரி 15

அகராதி அவர்களுக்கு,

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாதாம். விசாரித்துவிட்டேன்.

தவறாகச் சொன்னது பெரிய விஷயமில்லை. யாருக்கும் தவறும். "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள். "வாயுத் தொல்லைதான் மாமா, சந்தேகமே இல்ல. சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்க." நான் ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாதான் தடுத்தார். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும், வை." நானும் வைத்துவிட்டேன். விடியும்போது அப்பா இல்லை.

அம்மா இன்றுவரை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் ஏதாவது ஆரம்பித்தால், "அவர் என்ன டாக்டரா? அவர் சுபாவமே அதுதான், நல்லதுக்குத்தான் சொன்னார்" என்று என் வாயை அடைத்துவிடுவாள். மன்னிக்க முடியாமல் கிடப்பது நான் ஒருத்திதான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். பழகிவிட்டீர்கள் என்று எனக்குப் பட்டால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிட்டேன்.

முசுடு

மார்ச் 2

அன்புள்ள முசுடுக்கு,

உன் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

பழக ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே ஒரு அம்மா புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டார். "தெரியலங்க" என்றேன். எழுந்து போயே போய்விட்டார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னய்யா ஆச்சு உனக்கு? கண்ணாடிக் கடையில நின்னுக்கிட்டு தெரியல தெரியலன்னா, வர்றவன் என்ன நினைப்பான்?" அதற்கும் "தெரியல முதலாளி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேற்று பஸ்ஸில் ஒருவர் தபால் நிலையத்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு, நான் இறங்கி, பஸ் அவரோடு கிளம்பியபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தினமும் இறங்குகிற நிறுத்தம் அது. பழக்கம் கொஞ்சம் அளவு மீறிப் போகிறது, சரிசெய்துகொள்கிறேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. முதலில் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்குக் கூசியது. இப்போது சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருக்கிறது. இதை முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை.

படப்பிடிப்பு அன்று லீவு போட்டிருக்கிறேன். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்
அகராதி

மார்ச் 19

அன்புள்ளவருக்கு,

போனில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது இல்லையா, அதைச் சொல்கிறேன்.

கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியுமாம், வேறு மாற்றி வரச் சொன்னார்கள். முகத்தில் அப்பிய பவுடரில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. கைதட்டச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார். அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. முதல் கேள்விகளில் பயமே இல்லை, மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

பிறகுதான் அது வந்தது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு. வீட்டுக்காரரைக் கேட்கிறேன் என்றேன். "வீட்ல பேச நேரமில்லாததை எல்லாம் இங்க பேசிடாதீங்க, அரை நிமிஷம்தான்" என்றார் கேள்வி கேட்பவர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

"மூணுன்னு நினைக்கிறேன்" என்றீர்கள். "நிச்சயமா?" என்றேன். "தெரியலம்மா. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். நீயே முடிவு பண்ணிக்க." இணைப்பு அறுந்துவிட்டது.

நாள் முழுக்கக் குரல்களோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். குடம் நிறைய வைத்துக்கொண்டு தண்ணீர் வரவில்லை என்பவரையும், நிஜமாகவே தொண்டை வறண்டவரையும் போனிலேயே பிரித்துச் சொல்வேன். உங்கள் குரல் தடுமாறியது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். எந்த உயிருக்கும் இதயம் ஒன்றுதானே என்று தோன்றியது. ஒன்று என்றேன். தப்பு என்று நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

ஒளிபரப்பாகும்வரை உங்களைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அம்மா தினமும் என் முகத்தை முகத்தைப் பார்க்கிறாள். உங்களிடம் ஒரு கேள்விதான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

முசுடு

மார்ச் 23

என் முசுடுக்கு,

தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செவுள்களுக்கு இரண்டு, உடம்புக்கு ஒன்று, மொத்தம் மூன்று.

நீ கேள்வியைப் படித்தபோது 'இதயம்' என்று காதில் விழுந்ததும் எனக்கு மாமாதான் தெரிந்தார். இடது கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்படியே. நீ போனை எடுக்க உள்ளே போயிருந்தபோது அவரும் என்னிடம், "நிச்சயமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. "நிச்சயம்" என்றுதான் சொன்னேன். அதே வார்த்தையை நீ அதே மாதிரி கேட்டாய். நிச்சயம் என்று சொல்லி இன்னொரு தடவை ஒருவரை இழக்க என்னால் முடியாது என்று மட்டும்தான் தோன்றியது.

உன் ஆட்டத்தை நான்தான் கெடுத்தேன். வேறு யார் பெயரையாவது நீ சொல்லியிருந்தால் இன்னும் உட்கார்ந்திருப்பாய். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அகராதி

மார்ச் 29

அன்புள்ள அகராதிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. அழுது முடித்துவிட்டு எடுத்தேன். "எவ்ளோ நேரம்மா அடிக்கிறது, தூங்கிட்டீங்களா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன்.

தெரியாது என்று சொல்லச் சொன்னதும் நான்தான். சொன்னபோது உங்களை நம்பாமல் போனதும் நான்தான். யாரை யார் திட்டுவது? போனால் போகிறது அந்த நாற்காலி, கால் எட்டாத நாற்காலி. பழகிவிட்டீர்கள் என்று எனக்குப் பட்டுவிட்டது. வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. அம்மாவோடு சேர்ந்து அதைப் பார்த்துவிட்டு அவளிடம் மெதுவாகச் சொல்கிறேன். நம்மோடு வந்து இருக்க அவளும் சம்மதிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து வரும் ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. இருபதாம் தேதி ஞாயிறு காலையில் வாருங்கள். எங்கள் இருவரையும் அழைத்துப் போக ஒரு வண்டியும் பேசி வையுங்கள்.

உங்கள்
முசுடு

ஏப்ரல் 3

என் முசுடுக்கு,

வண்டி பேசிவிட்டேன். பின்னறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தாயிற்று. மாடிப்படி ஏற அத்தைக்குச் சிரமம், அதனால் படுக்கையைக் கீழேயே போட்டிருக்கிறேன். ஜன்னலில் காற்று வரும். வரும் என்றுதான் நினைக்கிறேன், நீயே வந்து பார்த்துச் சொல்.

முதலாளி, "என்னய்யா, நீயாச் சிரிக்கிற?" என்றார். காரணம் தெரியும், சொல்லவில்லை.

உன்
அகராதி

ஏப்ரல் 12

அன்புள்ளவருக்கு,

இருபதாம் தேதி வர வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாமல் போய்விடும்.

நேற்று அம்மா பக்கத்து வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு பதிலாகச் சொல்லச் சொல்ல, "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உங்களைக் கூப்பிட்டதும், "மாப்பிள்ளை பேசப் போறார், சத்தம் போடாதீங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள் பேசினீர்கள். நான் தோற்றேன். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியலன்னு சொல்ல அவருக்கு வருமா?" என்று கேட்டாள். நான் பெருமையாக, "பழகிட்டாரும்மா, எனக்காக" என்றேன். உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"இதை அன்னைக்கு உங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவள் அழுத அழுகையை அப்பா போன அன்றுகூட நான் பார்த்ததில்லை. "அவருக்கு அப்படித்தான் பேச வரும், வேற மாதிரி வராதுன்னுதானே மனசைத் தேத்திக்கிட்டேன். வருதே. ஒரு விளையாட்டுக் கேள்விக்கு வருதே." நீங்கள் இப்போதுதான் பழகினீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாரில் அடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொல்வது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் எழுந்ததும் உங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு என்னால் வர முடியாது. அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரவும் முடியாது. வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள். அதனாலேயே இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை. போனும் செய்ய வேண்டாம். மணி அடித்தால் அம்மாதான் எடுப்பாள்.

முசுடு